கனடாவிலிருந்து வந்த எஞ்சின்

திருகோணமலைக்கு வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் கோணேசர் கோயிலைப் படம் பிடிப்பார்கள். கோட்டை மான்களைப் பிடிப்பார்கள். நிலாவெளியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று தங்களையே பிடிப்பார்கள். ரொறன்ரோ மச்சான் பெட்டியை வைத்த கையோடு கேட்டது, "கொழும்புக் கோச்சிக்கு இப்ப எந்த எஞ்சின் போடுறாங்கள்?"

மாமி பயந்துபோனா. வந்த அன்றே திரும்பிப் போகிற யோசனையோ என்று.

அவன் தேடி வந்தது எம்2 டீசல் எஞ்சினை. கொழும்புத் திட்டத்தின் கீழ் 1954இல் கனடா நமக்குக் கொடுத்த அன்பளிப்பு. 1425 குதிரைவலு. எழுபது வயது தாண்டியும் பென்சன் கேட்காமல் ஓடுகிற ஒரே அரசாங்க உத்தியோகம் அதுதான். நன்றிக்கடனாகக் கனேடிய மாகாணங்களின் பெயர்களைச் சூட்டிவிட்டார்கள்: 569 ஒன்ராறியோ, 570 அல்பேர்ட்டா, 571 சஸ்கட்சுவான். மச்சான் வரி கட்டுவது ஒன்ராறியோவில். ஆகவே 569தான் வேண்டுமாம். ஊரில் இத்தனை சொந்தக்காரர் பார்க்காமல் கிடக்க!

நீராவி எஞ்சின் பித்தர்கள் கொடுத்துவைத்தவர்கள். கடுகண்ணாவை அருங்காட்சியகத்தில் எல்லாம் துடைத்து மினுக்கி நிற்கும். பிளேன்டீ குடித்துவிட்டு ஆறுதலாக வந்து பிடித்தாலும் ஓடிப்போகாது. எங்கள் 1927ஆம் ஆண்டுப் பாதையின் குணம் வேறு. இரவு மெயில் இருட்டோடு வரும், இருட்டோடு போகும். நடுவிலுள்ள பகல் முழுக்க நல்ல வெயில் வீணாய்ப் போகும். எந்த எஞ்சின் வரும் என்பதோ லொத்தர் மாதிரி. கொழும்பில் எதைக் கொளுவி விடுகிறார்களோ அது.

வழியில் மடக்கலாமென்றால், கல்லோயாவிலிருந்து கந்தளாய் வரை காட்டு யானைகளின் நாடு. கிட்டவாக வந்தால் சீனக்குடா: ஒரு பக்கம் விமானப்படை, ஒரு பக்கம் வெள்ளைக்காரன் கட்டிவிட்டுப்போன எண்ணெய்க் குதங்கள். முழ நீள லென்ஸோடு பற்றைக்குள் குந்தியிருக்கிற ஒருத்தனைப் பார்த்து, 'பாவம், ரயில் ரசிகர்' என்று யாருக்குத் தோன்றும்? சீருடைக்காரர் ஒருவர் கமராவை வாங்கிப் படங்களைத் தட்டிக்கொண்டே போனார். சக்கரம். கொளுக்கி. சக்கரம். புகைபோக்கி. மறுபடி சக்கரம்.

"பொஞ்சாதி படம் ஒண்டும் இல்லையா?"

இல்லை. சந்தேகம் அங்கேதான் முற்றியது. உளவாளி என்றால்கூட ஒரு கடற்கரைப் படமாவது வைத்திருப்பானே!

கடைசியில் ஒரு பின்னேரம், ஸ்டேசனில் வெளிச்சம் மிச்சமிருக்கும்போதே ஒரு எம்2 வந்து பெட்டிகளோடு கொளுவிக்கொண்டது. மச்சான் ஓடிப்போய் இலக்கத்தைப் பார்த்தான். 570.

"அல்பேர்ட்டா" என்றான், செத்த வீட்டுக் குரலில்.

"அதுவும் கனடாதானே?"

"மச்சான், அது எங்கட இடத்திலயிருந்து மூவாயிரம் கிலோமீற்றர்!"

சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. வாதாட நேரமில்லை. இந்த எஞ்சின்களைச் செய்த ஜெனரல் மோட்டர்ஸ் தொழிற்சாலை லண்டனில் இருந்தது என்றும், அது கனடாவிலுள்ள லண்டன், ஒன்ராறியோ மாகாணத்து லண்டன் என்றும் முதல் நாள் சாப்பாட்டுக்கு நடுவே என்னை விடாமல் படிப்பித்தவன் அவன்தான். அதை அப்படியே திருப்பிப் போட்டேன்.

"பேர் அல்பேர்ட்டா. பிறந்த ஊர் உன்ர மாகாணம்."

கொஞ்சம் யோசித்தான். பிறகு லென்ஸ் மூடியைக் கழற்றினான். பெயர்ப்பலகை, பெயர்ப்பலகையின் ஆணி, ஆணியில் பிடித்த கறள், ஒன்றும் தப்பவில்லை. மூட்டை தூக்குகிற அண்ணர் ஒருவர் பக்கத்தில் வந்து நின்று எல்லாவற்றையும் பார்த்தார்.

"தம்பி, இது கனடாவிலயிருந்து கப்பல்ல வந்ததாமே?"

"ஓம் அண்ணை."

"திருப்பி அனுப்பேக்க சொல்லுங்கோ. ஒரு மூலையில நானும் ஏறிக்கொள்ளுறன்."