ஜன்னல் சார்

எங்கள் தலைமையாசிரியர் வகுப்புக்குள் காலடி வைத்து யாரும் பார்த்ததில்லை. மேற்பார்வையெல்லாம் ஜன்னல் வழியாகத்தான். கம்பிக்கு அப்பால் முதலில் மூக்குக்கண்ணாடி தெரியும், அப்புறம் குறிப்பேடு. நான் தொகையீட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பேன். அவர் பச்சை மையில் எழுதிக்கொண்டு போவார்: ‘ஆசிரியர் அமர்ந்திருந்தார்.’ நின்றே நடத்தினால், ‘பின்வரிசையில் இருவர் பேசினர்.’

தூத்துக்குடியில் இதற்கு வழி இல்லாமலா போகும்? என் வகுப்பில் பாதிப் பேர் கடற்கரைப் பையன்கள், காற்று அவர்களுக்கு அத்துப்படி. சாரோ ஜவ்வாது பூசாமல் வெளியே வரமாட்டார். கிழக்கிலிருந்து கொண்டல் அடிக்கிற நாளில் கிழக்கு வராந்தா முனையில் அவர் திரும்பும்போதே கடைசி பெஞ்சிலிருந்து, “சார், கொண்டல்!” என்று குரல் வந்துவிடும். நாற்காலியை விட்டு எழுந்துவிடுவேன். மேற்கிலிருந்து அடிக்கிற கச்சான் காலம்தான் கண்டம். வாசம் கடல் பக்கம் போய்விடும், மனுஷன் ஜன்னலில் முளைத்திருப்பார். அறிவியல் டீச்சர் மாட்டியதெல்லாம் கச்சானில்தான். போதாததற்கு இப்போது சார் காலில் ரப்பர் செருப்பு வேறு.

தேர்ச்சி விழுக்காட்டுக் கூட்டத்தில், “மாவட்டத்துல நாம எங்க நிக்கோம்?” என்பார். பிளஸ் டூ இயற்பியலுக்கு ஆள் இல்லை. வேதியியல்காரர் இரண்டையும் இழுக்கிறார். மார்ச்சில் பரீட்சை, ஒரு பையன் வாரத்தில் பாதி நாள் அப்பாவோடு வள்ளத்தில் இருக்கிறான். அவன் இடம் காலியாகக் கிடப்பது ஜன்னலிலிருந்து நன்றாகவே தெரியும், குறிப்பேட்டில்தான் அதற்குக் கட்டம் இல்லை. ஒரு பிரிவேளை உள்ளே வந்து உட்கார்ந்து, ‘இந்தக் கணக்கை இப்படித் தொடங்கியிருக்கலாமே’ என்று ஒரு வார்த்தை சொன்னால் நான் கோபித்துக்கொள்வேனா?

ஒருநாள் வரலாறு சார் விடுப்பு. வேறு ஆள் கிடைக்காமல் இவரே வகுப்புக்குப் போனார். முத்துக் குளிக்கிற சலாபம் பற்றிப் பேச்சு. 1961-க்குப் பிறகு இந்தக் கரை காணாத சலாபம். “மூழ்குதவனுக்கு மேல கயிறு பிடிக்க யாரை வைப்பான் தெரியுமால? மச்சானைத்தாம்ல. தங்கச்சி தாலில்லா அவன் கையில இருக்கு!” வகுப்பில் மூச்சுச் சத்தம் இல்லை. மனுஷனுக்கு இப்படிப் பாடம் எடுக்க வருமென்று எனக்கு அன்றுதான் தெரியும். வராந்தாவில் போனவன் அப்படியே நின்று கேட்டேன்.

மறுநாள் மேசையில் பச்சை மையில் ஒரு தாள்: ‘நேற்று 7-ஆம் பிரிவேளையில் தாங்கள் வகுப்பறை ஜன்னலருகே நின்றதன் காரணத்தை எழுத்துமூலம் தெரிவிக்கவும்.’