மட்டைக்கு வந்த மரியாதை

ஏனம்மிணி, மோட்டார் போடலாம்னு எந்திரிச்சு வந்தா, நடுச்சாமத்துல லேப்டாப்பைத் தொறந்து வெச்சுட்டு மூஞ்சிய உம்முன்னு வெச்சிருக்கற? மாப்பிள்ளை போட்டோவா? ஓ, பெல்லோஷிப்பா. எல்லாம் ஒண்ணுதான் போ. ரெண்டுக்கும் ஜாதகம் கேப்பாங்க.

உன்ற அம்மா சொன்னா. ஜெர்மனிக்காரன் டி.ஏ.ஏ.டி.ன்னு, நம்மளாட்ட வளர்ற நாட்டுக்காரங்களுக்கு ஒரு படிப்புப் பணம் வெச்சிருக்கறானாமா. படிச்சு முடிச்சு 6 வருஷத்துக்கு மேல ஆயிருக்கப்படாது, ஆனா 2 வருஷமாச்சும் வேலை பாத்திருக்கோணும். கேட்டதும் புரிஞ்சு போச்சு. தண்ணி எளனியும் வேண்டாங்கறான், முத்தின காயும் வேண்டாங்கறான். வழுக்கைப் பதம் கேக்கறான். நீ எம்.எஸ்.சி. முடிச்சு 4 வருஷம். சரியான வழுக்கைதான்.

விண்ணப்பத்துல எழுதுனதைப் படி, கேப்போம். "சிறு வயது முதலே எனக்கு விவசாயத்தில் ஆர்வம்." கண்ணு, களை வெட்டக் கூப்புட்டா வவுத்துவலின்னு நீ படுத்துக்குவயே, அது அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியுமே! அந்த வரிய எடுத்துப் போடு.

நீ படிக்கோணுங்கற உயிரிப் பொருளாதாரம் என்னன்னு நாலு தடவை வெளக்கிட்ட. வெளையறதுலயும் வெளைஞ்சு மிஞ்சற கழிவுலயும் எண்ணெய், உரம், துணி, மருந்துன்னு எடுக்கறது. இந்தியாவுல 2030-க்குள்ள இதை 30,000 கோடி டாலர் ஆக்கோணும்னு கணக்கு வெச்சிருக்கறாங்க. அந்தக் கணக்குல தடுப்பூசி இருக்குது, எத்தனால் இருக்குது, பி.டி. பருத்தியும் இருக்குது. உன்ற அம்மாயி பழைய சீலையில மிதியடி தைச்சாளே, அது மட்டும் எவன் கணக்குலயும் ஏறல.

எழுத விஷயம் கெடைக்கலன்னு பொலம்பறயே, விடிஞ்சதும் தேங்கா மட்டை மில்லு வரைக்கும் நடந்து போ. நான் எளந்தாரியா இருக்கறப்ப மட்டையில நார் எடுத்த பொறவு மிஞ்சற தூளு ரோட்டோரம் மலையாட்டக் குமிஞ்சு கெடக்கும். காத்தடிச்சா கண்ணுல வுழுகும். அள்ளிட்டுப் போறவனுக்கு நாங்கதான் டீ வாங்கிக் குடுப்போம். இப்ப அதையே தண்ணியில கழுவி, உப்பை எறக்கி, களத்துல ஒணத்தி, 5 கிலோ கட்டியா அமுக்கிக் கப்பல் ஏத்தறாங்க. நெதர்லாந்துல தக்காளிச் செடி மண்ணு மூஞ்சியே பாக்காம நம்ம பொள்ளாச்சித் தூளுல வேர் உட்டு நிக்குது. கழுவுன தண்ணி எங்க போவுது? கெணத்துல எறங்குது. டீ டிக்காசனாட்ட தண்ணி வருதுன்னு சனம் சண்டைக்கு நின்ன பொறவுதான், மாசு இல்லன்னு வெள்ளைப் பட்டியல்ல இருந்த மில்லுகள்ல தண்ணி பொழங்கறதையெல்லாம் 2021-ல ஆரஞ்சுப் பட்டியல்ல போட்டாங்க.

கட்டி வித்த காசு யாருக்கு, கெணத்து உப்பு யாருக்கு? இதை எழுது. உன்ற படிப்புல இதுக்குப் புறவிளைவுன்னு பேரு சொன்ன. நம்மூர்ல அதுக்குப் பேரு பக்கத்துத் தோட்டத்துக்காரன் வாயில வுழுகறது.

இன்னொண்ணும் இருக்குது, சிரிக்காமக் கேளு. காட்டாமணக்கு டீசல்னு ஒரு கூத்து நடந்துச்சே. 2009-ல டெல்லியில கொள்கை போட்டாங்க, 2017-க்குள்ள 20 சதவீதம் கலக்கோணும்னு. அதுக்கும் முன்னாலயே ஒரு வேன்ல வந்தவங்க என்கிட்ட ரெண்டு சொன்னாங்க: தண்ணி வேண்டாம், ஆடு கடிக்காது. ரெண்டாவது சொன்னது சத்தியம். ரெண்டு ஏக்கர் வெச்சேன். வேன் திரும்பி வரவேயில்ல. பொறவு பார்சிலோனாக்காரர் ஒருத்தரும் பெங்களூர்க்காரர் ஒருத்தரும் தமிழ்நாட்டுக் காட்டாமணக்குக் காடுகளை ஆராய்ஞ்சு, வெளைச்சல் இல்ல, தண்ணி கேக்குது, தீவனத்துக்கும் சோத்துக்கும் எடைஞ்சல்னு 2010-ல கட்டுரை போட்டாங்கன்னு நீதானே சொன்ன? அவங்களுக்குக் கட்டுரை வந்துச்சு, எனக்கு வெறகு வந்துச்சு.

இப்ப மக்காச்சோளத்து மொறை. எத்தனால் ஆலையும் கேக்குது, நாமக்கல் கோழியும் கேக்குது. வெலை ஏறுனா சோளக்காட்டுக்காரன் சிரிக்கறான், கோழிப்பண்ணைக்காரன் அழுவறான். முட்டை வாங்கற உன்ற அம்மா ரெண்டு பேத்தையும் வையறா.

நேர்காணல்ல "ஏன் எங்க யூனிவர்சிட்டி?"ன்னு கேட்டா, உலகத்தரம் அது இதுன்னு அளக்காத. எல்லாரும் அதைத்தான் சொல்லுவாங்க. ஹோஹென்ஹைம் யூனிவர்சிட்டிக்காரன் கேட்டா எரிமலையச் சொல்லு. 1815-ல இந்தோனேசியாவுல தம்போரா வெடிச்சுது; அடுத்த வருஷம் அவங்கூர்ல கோடையே வர்ல; பயிர் போயிப் பஞ்சம் வந்துது; 1818-ல வில்ஹெல்ம் ராஜா அங்க வேளாண்மைப் பள்ளிக்கூடம் தொறந்தாரு. தாத்தன் கதைய அடுத்தவன் சொன்னா எவனும் காது குடுப்பான். சொந்தப் பேத்திதான் குடுக்கறதில்ல.

பரிந்துரைக் கடுதாசிக்கு உன்ற வாத்தியாரம்மாவ நாளைக்கே புடி. கடைசி நாள் வரைக்கும் தள்ளுனயின்னா அவிக எல்லாத்துக்கும் எழுதற அதே நாலு வரிதான் வரும். பத்தலேன்னா சொல்லு, பால் சொசைட்டியில டைரக்டரா இருந்தப்ப அடிச்ச லெட்டர்பேடு பரண்மேல இருக்குது. "இந்தப் பெண் களை வெட்டத் தெரியாதவள், ஆனால் களை வெட்டியவருக்குக் கூலி என்ன மிஞ்சியது என்று கேட்கத் தெரிந்தவள்"னு எழுதிக் குடுக்கறேன்.

சரி, லைட்டை அமத்திட்டுப் படு. கரண்டு பில்லு ஜெர்மனிக்காரன் கட்டறதில்ல, உன்ற அப்புச்சிதான் கட்டறேன்.