நாற்றுளைத் தையலும் சிறாரும்: ஓர் ஆய்வு முன்னுரைக்கு முன்னுரை

ஜப்பானிய முறையில் நோட்டுத் தைக்கச் சிறாருக்குக் கற்பிப்பது குறித்த ஆய்வுகள் அனைத்துக்கும் ஒரு குறை உண்டு. அவற்றை யாம் எழுதவில்லை. அக்குறை ஈண்டு நீங்குகிறது.

தையல் நால்வகைப்படும். நான்கு துளையிட்டுத் தைப்பது யோட்சுமே தோஜி. மூலைகளில் கூடுதல் துளை வந்தால் கோகி தோஜி. இது சீனத்துக் காங்ஷி பேரரசரின் பெயரால் வழங்குவது. சணல் இலைத் தையலும் ஆமை ஓட்டுத் தையலும் அழகானவை. எட்டு வயதுப் பிள்ளையின் கைக்குப் போனால் ஆமை எது, ஓடு எது என்று தெரியாது. ஆகவே விடுத்தாம்.

சிறார் இருவகையர்: ஊசியைத் தொலைப்போர், தொலைத்ததை மறைப்போர்.

இனித் தையல் நூலின் நீளம். புத்தக உயரத்தைப் போல் நான்கு மடங்கு என்பார் ஒரு சாரார். ஆறு என்பார் மற்றொரு சாரார். நான்மடங்கர் கட்டுரையை அறுமடங்கர் மேற்கோள் காட்டுவதில்லை. கருத்தரங்கில் தேநீர் மட்டும் சேர்ந்து குடிப்பர். கணக்கோ எளிது. ஒவ்வொரு துளையிலும் ஊசி 3 முறை நுழையும். நான்கு துளைக்கு 12. முதுகைச் சுற்றி நான்கு கட்டு, தலையில் ஒன்று, அடியில் ஒன்று. A4 தாளை மடித்துத் தைக்கும் மெல்லிய நோட்டுக்கு மூன்று மடங்குக்குள் வேலை முடிந்துவிடும். எனின், மிச்சம் எங்கே போகிறது? கட்டைவிரலில் ஒரு சுற்று, தாளைப் பிடித்திருக்கும் கிளிப்பில் ஒரு சுற்று, பக்கத்தில் உட்கார்ந்த தங்கையின் சடையில் ஒரு சுற்று. சான்று: ஒரு சிறுவனின் நோட்டு, பின்னட்டை உட்புறம், இடது மூலை, தலைகீழாகப் பிடித்தால் மட்டும் தெரியும் பென்சில் குறிப்பு: ‘நூல் பத்தல.’ இதைப் ‘பத்து அல்ல’ எனப் பிரித்து, மடங்கு பத்தன்று என எதிர்மறையால் உணர்த்தியதாக உரை காண்பாரும் உளர். கடைசி எழுத்தின்மேல் முறுக்கு எண்ணெய். அதனால் விளைந்த பாடபேதங்கள் மூன்று தொகுதிகளாக வரும். முறுக்கா தட்டையா என்பது நான்காம் தொகுதி.

எடோ காலத்து (1603–1868) மரக்கட்டை அச்சில் தாளின் ஒரு புறமே அச்சிட்டனர். மெல்லிய தாளில் மை மறுபுறம் தெரியும். ஆகவே தாளை மடித்து, மடிப்பு வெளியோரத்திலும் திறந்த ஓரங்கள் முதுகிலும் வரத் தைத்தனர். ஒவ்வொரு ஏடும் ஒரு பை. அச்சிட்டோர் கண்ட பயன் அது. சிறார் கண்ட பயன்: மிட்டாய்த் தாள், விழுந்த பல், கணக்கு வாத்தியார் படம்.

இத்தையலுக்கு மூலம் நம் ஓலைச்சுவடியே என்று எவரேனும் நிறுவுமுன் சொல்லிவைப்போம்: சுவடியில் கயிறு துளைவழியே கோத்துப் போகும், முதுகைச் சுற்றித் தைப்பதில்லை. இதனால் அக்கட்டுரை நின்றுவிடாது என்பதும் அறிவோம்.

கற்பிப்போருக்கு ஒரு விண்ணப்பம். துளைகளை நீங்களே குத்தூசியால் இட்டுக் கொடுங்கள். பிள்ளைக்கு முனை மழுங்கிய ஊசி போதும். கடைசி முடிச்சு விழும்வரை கிளிப்பைக் கழற்றாதீர்கள். நூலை ஐந்து மடங்காக வெட்டுங்கள். இரு சாராரும் கோபிப்பார்கள், நோட்டு முடிந்துவிடும்.