மீனுக்கு எப்போது மணிமண்டபம்?

திருவாரூர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கண்ணாடிக்குப் பின்னால் கடல் மீன் நீந்துவதைப் பார்க்க வேண்டுமா? சுமார் 300 கிலோமீட்டர். விடியற்காலையில் பஸ் ஏற வேண்டும். சிதம்பரம் தாண்டுவதற்குள் ரெண்டு பிள்ளைகள் வாந்தி. புதுச்சேரிக்கு முன்னால் ரோட்டோரம் புளிசாதம். சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் 2019-இல் திறந்த தனியார் காட்சியகத்தில் தலைக்குச் சில நூறு ரூபாய். உள்ளே கண்ணாடிக் குகை. தலைக்கு மேல் திருக்கை போகிறது. பிள்ளைகள் வாய் பிளக்கிறார்கள். தனியார் கட்டினார், மீன் உயிரோடு இருக்கிறது, காசு வாங்குகிறார். அவர்மேல் நமக்கு வழக்கில்லை.

வழக்கு அரசின்மேல். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடற்கரை வைத்திருக்கும் மாநிலம், தலைநகரில் அரசுக் கட்டணத்தில் ஒரு நல்ல மீன் காட்சியகம் வைத்திருக்கக் கூடாதா?

வைத்திருந்தோம். அதுதான் கொடுமை. 1909-இல் வெள்ளைக்காரன் மெரினாவில் கட்டினான். சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டனின் யோசனை. 1942-இல் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பயந்து மூடினார்கள். போர் முடிந்தது. நாடு விடுதலை அடைந்தது. ஜப்பான்காரன் வந்து ஒரகடத்தில் கார் தொழிற்சாலையே போட்டுவிட்டான். நம் காட்சியகத்துக்கு மட்டும் இன்னும் பயம் தெளியவில்லை. இடையில் அதே பெயரில் ஒரு சின்னக் கட்டிடம் கொஞ்ச காலம் மூச்சு விட்டது. அதுவும் நின்றது.

அறிவிப்புக்கு மட்டும் குறைச்சலில்லை. மாமல்லபுரத்தில் பிரம்மாண்டமான ‘ஓசனேரியம்’ வருகிறது என்று எத்தனை முறை படித்துவிட்டோம்! மேசை தட்டல், நாளிதழில் படம், ஆலோசனைக் கூட்டம். மீன்தான் வரவில்லை.

மெரினாவில் இடமில்லையோ என்று சந்தேகம் வரலாம். இருக்கிறது, தாராளமாக இருக்கிறது. செத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அண்ணாவுக்கு இருக்கிறது. எம்.ஜி.ஆருக்கு இருக்கிறது. 2021-இல் ஜெயலலிதாவுக்கு ஃபீனிக்ஸ் சிறகோடு திறந்தார்கள். எங்கள் திருவாரூர் கண்ட கலைஞருக்கு 39 கோடி ரூபாய்த் திட்டம், 2024-இல் திறந்தாயிற்று. அது போதாதென்று கடலுக்குள்ளேயே 134 அடி உயரத்தில் பேனா நிறுத்த 81 கோடியில் இன்னொரு திட்டம். ஊர்க்காரன் என்ற முறையில் பெருமைப்பட்டிருக்க வேண்டும். மீனவர்கள்தான் எழுந்து நின்று ‘வலை எங்கே போடுவது’ என்று கேட்டார்கள். அரபிக் கடலில் சிவாஜிக்குச் சிலை என்று 2016-இல் பிரதமர் பூஜை போட்டுவிட்டு வந்தார். கட்சி எதுவாக இருந்தாலும் கடலைப் பார்த்தால் பீடம் கட்டத்தான் கை துறுதுறுக்கிறது.

அரசு இலவசமாகக் கடல் உயிரினங்களைக் காட்டவே இல்லை என்று சொல்வது அபாண்டம். 2025 ஜனவரியில் காட்டியது. சென்னைக் கரையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பங்குனி ஆமைகள் வரிசையாக ஒதுங்கின. செத்துத்தான். டிக்கெட் கிடையாது, கூட்டம் கிடையாது, நாய்கள் மட்டும் வந்தன. கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் இழுவைப் படகு மீன் பிடிக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. சட்டம் கரையில் இருக்கிறது, படகு கடலில் இருக்கிறது.

2017-இல் எண்ணூரில் ரெண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டியபோது, செவ்வாய்க்கு விண்கலம் அனுப்பிய நாடு அதை வாளியால் மொண்டது. 2023 மார்ச்சில் நாகூர் பட்டினச்சேரியில் கச்சா எண்ணெய்க் குழாய் உடைந்தது. திருவாரூரிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். எங்கள் பள்ளிகள் அதற்கும் ஒரு சுற்றுலா போட்டிருக்கலாம்; கறுப்பு அலை பார்த்திருப்பார்கள் பிள்ளைகள்.

இத்தனைக்கும் எங்கள் மாவட்டத்துக்குச் சொந்தமாகவே ஒரு கடல் காட்சியகம் உண்டு. முத்துப்பேட்டை. கோரையாறும் பாமணியாறும் வந்து விழும் உப்பங்கழி. படகில் போனால் ரெண்டு பக்கமும் அலையாத்தி. சேற்றிலிருந்து விரல் நீளத்துக்கு மூச்சுவேர்கள் நிமிர்ந்து நிற்கும். குனிந்து பார்த்தால் அதன் நடுவே நண்டு ஓடும், மடவைக் குஞ்சு துள்ளும். ஒவ்வொரு நாலாவது வேரிலும் ஒரு பாலித்தீன் பை மாட்டியிருக்கும். 2018-இல் கஜா புயல் இந்தக் காட்டை முறித்துப் போட்டது. மனிதன் அதற்கு முன்பும் பின்பும் விடுமுறை எடுக்காமல் வேலை பார்க்கிறான்.

அங்கே மடவையும் கொடுவாவும் இறாலும் பிழைப்பது ஆற்றுத் தண்ணீரும் கடல் தண்ணீரும் கலப்பதால்தான். அதற்குக் கடைமடை தாண்டிக் கொஞ்சம் நல்ல தண்ணீர் வந்தாக வேண்டும். மேட்டூர் நிரம்பும் வருஷங்களில் நம் தலைவர்கள் என்ன பேசுகிறார்கள்? ‘காவிரி நீர் வீணாகக் கடலில் கலக்கிறது.’ ஆளுங்கட்சி பேசும். எதிர்க்கட்சி பேசும். வயிறு எரிந்து விவசாயி பேசுவதில் நியாயம் உண்டு. மணல் அள்ளி ஆற்றைக் குழியாக்கியதை வேடிக்கை பார்த்தவர்களும், ஒரு கதவணைக்கு முப்பது வருஷம் மனு வாங்கியவர்களும் பேசுவதற்கு என்ன பெயர்?

அதே வாய்தான் அடுத்த பட்ஜெட்டில் கடல்வாழ் உயிரினக் காட்சியகம் ஒன்றை அறிவிக்கும். அடிக்கல்லில் யார் பெயர் மேலே, யார் பெயர் கீழே என்ற சண்டை இப்போதே தொடங்கியிருக்கும்.