கொடுவா மீனுக்குக் கம்பும் ரீலும் தெரிதல்: வெள்ளாற்று முகத்துவாரத்தை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

கடலூர் மாவட்டத்துக்கு ஆறுகள் விஷயத்தில் குறையே இல்லை. தென்பெண்ணை, கெடிலம், உப்பனாறு, வெள்ளாறு, தெற்கு எல்லையில் கொள்ளிடம் என்று எங்கெங்கோ புறப்பட்ட தண்ணீரெல்லாம் இங்கே வந்துதான் கடலைப் பார்க்கிறது. ஆறு கடலைச் சேரும் இடத்தில் மீன் கூடும். மீன் கூடும் இடத்தில் ஆய்வாளர் கூடுவார். பரங்கிப்பேட்டையில், வெள்ளாற்றங்கரையிலேயே, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. இறால், நண்டு, மிதவை உயிரி, அலையாத்தி வேர் என்று கண்ணுக்குத் தெரிவதிலும் தெரியாததிலும் அங்கே முனைவர் பட்டம் வாங்கியிருக்கிறார்கள். ஆனால் அறுபது கிராம் எடையுள்ள ஒரு பிளாஸ்டிக் மீனைக் கொடுவாயின் முகத்துக்கு நேரே கொண்டுபோய்ப் போட எந்தக் கம்பு, எந்த ரீல் என்று கேட்டால், கரையில் நிற்கும் இளைஞர் இன்றைக்கும் கடைக்காரர் வாக்கைத்தான் வேதவாக்காக எடுத்துக்கொள்கிறார். இந்த ஆய்வு இடைவெளியை அடைப்பதே கட்டுரையின் நோக்கம்.

ஆராய்ச்சி முறைக்கு வெளியூர் போக வேண்டியதில்லை. 13-ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரைப் பரபக்கம், சுபக்கம் என்று இரண்டாகப் பிரித்தார். முதலில் பிறர் கொள்கையைச் சொல்லி மறுப்பது, பிறகு தன் கொள்கையை நிறுவுவது. சிதம்பரத்திலிருந்து பதினைந்து கிலோமீட்டர் தூரத்துக்குள் நின்று தூண்டில் போடுகிறவருக்கு இதைவிடப் பொருத்தமான முறை கிடைக்காது.

ஆய்வுப் பொருளை வரையறுக்க வேண்டும். பெரிய பொய் இரையை வீசிப் பெரிய மீன் பிடிக்கும் கலை, அமெரிக்காவின் பாஸ் மீனைச் சுற்றி வளர்ந்தது. 1932-ல் ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெர்ரி என்பவர் பிடித்த பாஸ், 22 பவுண்டு 4 அவுன்ஸ். கிலோவில் சுமார் பத்து. அந்தச் சாதனையை 2009-ல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிதா சமன் செய்தார். குரிதா பயன்படுத்தியது உயிருள்ள சிறு மீன் என்பது இந்த ஆராய்ச்சிக்குச் சற்றுச் சங்கடமான உண்மை. அதை இங்கேயே பதிவு செய்துவிட்டு நகர்வது நல்லது. கலிபோர்னியாவில், ஏரிகளில் வளர்த்து விடப்பட்ட டிரவுட் மீன்களை விழுங்கிப் பழகிய பாஸ்களுக்காக, டிரவுட் போலவே வால் ஆட்டும் அடி நீள இரைகள் கூட வந்தன.

கடலூரில் அந்த பாஸும் கிடையாது, டிரவுட்டும் கிடையாது. டிரவுட்டை வெள்ளைக்காரர்கள் நீலகிரி வரை கொண்டுவந்து விட்டதோடு சரி. இங்கே அந்த இரண்டு நாற்காலிகளிலும் உட்கார்ந்திருப்பவை கொடுவாயும் மடவையும். கொடுவா வங்காளத்தில் பெட்கி, ஆஸ்திரேலியாவில் பாரமுண்டி. அறுபது கிலோ வரை வளரக்கூடிய இனம். துரத்தி ஓடிப் பிடிக்கிற சோலி அதற்குப் பிடிக்காது. பாலத்தூண், மதகு, அலையாத்தி வேர், கவிழ்ந்த தோணி என்று ஏதாவது ஒன்றின் நிழலில் நின்றுகொண்டு, நீர் ஏற்றத்திலோ வற்றத்திலோ அடித்து வரும் மடவைக்குஞ்சு பக்கத்தில் வந்ததும் வாயைத் திறக்கும். தண்ணீரோடு சேர்த்து இரை உள்ளே போய்விடும். இரவில் அந்தச் சத்தம் கரைக்கே கேட்கும்.

இன்னொரு செய்தியும் உண்டு. கொடுவா பெரும்பாலும் ஆணாக முதிர்ந்து, சில ஆண்டுகள் கழித்துப் பெண்ணாக மாறுகிற மீன். ஆகவே, "எவ்வளவு பெரிய ஆளு பாருங்க" என்று மீனைத் தூக்கிப் படம் எடுத்துக்கொள்கிறவர், பெரும்பாலும் ஒரு மூதாட்டியைத்தான் தூக்கிக்கொண்டு நிற்கிறார். சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1997-ல் இந்த மீனைக் காப்பகத்தில் குஞ்சு பொரிக்கச் செய்தது. சீர்காழி பக்கம் தொடுவாயிலும் ராஜீவ் காந்தி மீன்வளர்ப்பு மையம் கொடுவாக் குஞ்சுகளை உற்பத்தி செய்கிறது. ஆனால் பண்ணையில் தீவனம் தின்று வளர்ந்த கொடுவாயைப் பிடிக்கக் கம்பு எதற்கு, வாளி போதும்.

முன்னோர் நூல் என்றால், மதராஸ் சிவில் சர்வீஸில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873-ல் இந்தியத் தூண்டில் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அது போதாதென்று 1887-ல் ஏரி, குளத்தில் தூண்டில் போடுவதற்குத் தனியாக இன்னொன்று. அரசாங்கக் கோப்புகளுக்கு நடுவே இவ்வளவு மீன் பிடித்திருக்கிறார் என்றால் கோப்புகளின் கதி என்ன என்று கேட்கத் தோன்றும். அது வேறு ஆராய்ச்சி.

இனி பரபக்கம்.

முதல் கட்சி, கம்பே வேண்டாம் என்பது. பிச்சாவரத்தையும் கிள்ளையையும் சுற்றி வாழும் இருளர் பெண்கள், இடுப்பளவு ஓடைத் தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் துழாவி இறாலும் நண்டும் பிடிக்கிறார்கள். ஓலையில் முடைந்த பறியின் விளிம்பைப் பல்லால் கடித்துக்கொண்டு, இரண்டு கையும் தண்ணீருக்குள் இருக்க, பிடித்ததைப் பறிக்குள் போட்டபடி நகர்வார்கள். சிக்கு விழாது, பேரிங் துருப்பிடிக்காது. இந்தக் கட்சியை மறுக்க ஆய்வாளரிடம் வாதம் இல்லை. பல் உறுதி உள்ளவர்கள் இத்துடன் கட்டுரையை நிறுத்திக்கொள்ளலாம்.

இரண்டாவது, மூங்கில் கட்சி. கம்பு, அதன் நுனியில் கட்டிய நரம்பு, தக்கை, முள், மண்புழு. கெண்டைக்கும் கெளுத்திக்கும் இது போதும். ஆனால் நரம்பின் நீளம் எவ்வளவோ அவ்வளவுதான் எட்டும். கொடுவாயோ எதிர்க்கரை மதகடியில் நிற்கும்.

மூன்றாவதும் நான்காவதும்தான் உண்மையான சண்டைக்காரர்கள்: ஸ்பின்னிங் கட்சியும் பெய்ட்காஸ்டிங் கட்சியும். ஸ்பின்னிங் ரீலில், வீசும்போது நரம்பு சுற்றிய ஸ்பூல் அசையாது. நரம்பு அதன் விளிம்பைத் தாண்டி வளையம் வளையமாக உருவிக்கொண்டு போகும். பெய்ட்காஸ்டிங் ரீலில் ஸ்பூலே சுழன்று நரம்பை விடும்.

இந்தப் பிளவின் பின்னே இரண்டு தொழில்கள் இருக்கின்றன. அசையாத ஸ்பூல் ரீலுக்கு 1905-ல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற ஆல்ஃபிரட் இல்லிங்வொர்த், கம்பளி நூற்பாலைக் குடும்பத்துக்காரர். ஆலையில் நூல் உருளையிலிருந்து எப்படி உருவிக்கொண்டு வருகிறது என்று பார்த்துப் பழகியவர். குறிஞ்சிப்பாடியில் கைலி நெய்கிற யாரும் இதைக் கேட்டு வியக்கமாட்டார்கள். தறியில் நாடா ஓடும்போது அதற்குள் இருக்கும் தார் சுழல்வதில்லை. நூல்தான் அதன் முனை வழியாக உருவி வருகிறது. ஸ்பின்னிங் ரீலின் தத்துவம் முழுவதும் அந்த நாடாவுக்குள் கிடக்கிறது. குறிஞ்சிப்பாடியிலிருந்து வெள்ளாறு அதிக தூரமில்லை; கொஞ்சம் முயன்றிருந்தால் காப்புரிமை இங்கே வந்திருக்கும்.

சுழலும் ஸ்பூல் கடிகாரக்காரர்களின் பிள்ளை. 1820-ஐ ஒட்டி அமெரிக்காவின் கென்டக்கியில் ஜார்ஜ் ஸ்னைடர் என்ற கடிகாரத் தொழிலாளி, பல்சக்கரம் வைத்து, கைப்பிடி ஒரு சுற்று சுற்றினால் ஸ்பூல் பல சுற்று சுற்றும் ரீல் செய்தார். ஸ்வீடனின் அபு நிறுவனமும் 1921-ல் கடிகாரக் கம்பெனியாகத் தொடங்கி, டாக்சி மீட்டர் செய்து, பிறகுதான் ரீலுக்கு வந்தது. ஆக, ஒரு பக்கம் நெசவு, மறு பக்கம் கடிகாரம். கரையில் நின்று "என் ரீல்தான் உசத்தி" என்று சண்டை போடுகிற இரண்டு நண்பர்களுக்கு, தாங்கள் இரண்டு தொழிற்சங்கங்களின் வழக்கை நடத்திக்கொண்டிருக்கிறோம் என்று தெரியாது.

சுபக்கம்.

மீன் இரையைத் தேர்கிறது; இரை கம்பைத் தேர்கிறது; கம்பு ரீலைத் தேர்கிறது. கடையில் நடப்பதோ தலைகீழ். பளபளப்பான ரீல் முதலில் கண்ணில் படுகிறது, அதற்கு ஒரு கம்பு, கம்புக்கு மிச்சக் காசில் இரை. மீன் கணக்கிலேயே வருவதில்லை.

கைப்பிடிக்குச் சற்று மேலே, கம்பின் உடலில் சின்ன எழுத்தில் ஓர் எண் அச்சிட்டிருப்பார்கள்: 15 முதல் 40 கிராம், அல்லது 1 முதல் 3 அவுன்ஸ் என்று. கம்பு வாங்குகிறவர்கள் நிறத்தைப் பார்ப்பார்கள், கார்பனா என்று கேட்பார்கள், காற்றில் இரண்டு வீசு வீசிப் பார்ப்பார்கள். இந்த எண் மட்டும் சிதம்பர ரகசியமாகவே இருந்துவிடும். அந்தக் கம்பு வீசக்கூடிய இரையின் எடை அதுதான். ஓர் அவுன்ஸ் 28 கிராமுக்குச் சற்று அதிகம். 30 கிராம் வரைதான் என்று எழுதிய கம்பில் 60 கிராம் இரையைக் கட்டி முழு வேகத்தில் வீசினால், இரையோடு கம்பின் நுனியும் ஆற்றுக்குப் போகும். 100 கிராம் கம்பில் 15 கிராம் இரையைக் கட்டினால் கம்பு வளையவே வளையாது. வளையாத கம்பு எதையும் எறியாது. இரை வீசினவர் காலடியிலேயே விழும்.

மடவை அளவுள்ள இரை, முள்ளும் சேர்த்து, 40 முதல் 80 கிராம் வரும் என்று வைத்துக்கொண்டால், 3 அவுன்ஸ் வரை தாங்கும் கம்பு வேண்டும். கரையில் நின்று வீச ஏழரை முதல் எட்டடி. கைப்பிடி நீளமாக இருக்கட்டும்: இரண்டு கையாலும் பிடித்து வீசலாம், மீன் மாட்டிய பின் முனையை முழங்கைக்கு அடியில் அடக்கிக்கொள்ளலாம். தோணியில் இருந்தபடி கிளைகளுக்கு அடியில் வீசுகிறவருக்கு ஆறரை அடியே தாராளம். பிச்சாவரத்தை மனத்தில் வைத்து யாரும் கம்பு வாங்க வேண்டாம். அது காப்புக்காடு, 2022-ல் ராம்சர் ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது. வனத்துறைக்குத் தெரியாமல் கம்பும் கையுமாக அங்கே போவது ஆய்வு அல்ல, வழக்கு.

ரீலுக்கு வருவோம். 30 கிராமுக்குக் கீழே நெசவுக் கட்சி ஜெயிக்கிறது. இரை லேசானால் சுழலும் ஸ்பூலை அசைக்கவே அதற்குத் தெம்பு பற்றாது. அசையாத ஸ்பூலில் அந்தத் தொல்லை இல்லை. எடை ஏற ஏறக் கடிகாரக் கட்சியின் பக்கம் சாய வேண்டியிருக்கிறது. ஸ்பின்னிங் ரீலில் வீசுமுன் நரம்பை ஆட்காட்டி விரலில் தாங்கிப் பிடிக்க வேண்டும். 80 கிராம் இரையும், இழை பின்னிய மெல்லிய பிரெய்டு நரம்பும் சேர்ந்தால் அது விரலை அறுக்கும். காலை முழுக்க வீசியவர்கள் விரலில் பிளாஸ்திரி சுற்றியிருப்பதைப் பார்க்கலாம். பெய்ட்காஸ்டிங்கில் அந்தப் பளுவை ஸ்பூல் ஏற்கிறது. கட்டை விரல் ஸ்பூலின் மேலேயே இருப்பதால், இரையை மதகின் ஓரத்தில், நினைத்த இடத்தில் நிறுத்திப் போடவும் முடிகிறது.

விலை ஒன்று உண்டு: சிக்கு. கிழக்கிலிருந்து கொண்டல் காற்று எதிரே அடிக்கும்போது வீசிய இரை நடுவானில் வேகம் குறையும். ஸ்பூலுக்கு அது தெரியாது, பழைய வேகத்திலேயே நரம்பை விட்டுக்கொண்டிருக்கும். அடுத்த நொடி ரீலுக்குள் ஒரு தட்டு இடியாப்பம். வீசினவர் கையில் கிடைத்த வளையத்தைப் பிடித்து இழுப்பார். அது இன்னும் இறுகும். செய்ய வேண்டியது வேறு. கட்டை விரலால் ஸ்பூலை அழுத்திக்கொண்டே கைப்பிடியை இரண்டு சுற்று சுற்றிவிட்டு, பிறகு நரம்பை மெல்ல உருவினால் பாதிச் சிக்கு தானே விடும்.

சிக்கைத் தடுக்க ரீலுக்குள்ளேயே பிரேக் வைத்திருக்கிறார்கள். சிலதில் சின்னக் கட்டைகள் வேகத்தில் வெளியே தள்ளிக்கொண்டு உரசும். சிலதில் காந்தம். அலுமினிய ஸ்பூல் காந்தத்தில் ஒட்டாதே என்று கேட்பவர் பள்ளியில் இயற்பியல் வகுப்பில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தவர். காந்தத்துக்கு அருகே உலோகம் சுழன்றால் அதில் சுழல் மின்னோட்டம் பிறந்து, அதுவே சுழற்சியை எதிர்க்கும். எந்த பிரேக்கையும்விட உத்தமம் கட்டை விரல். கடையில் அது விற்பனைக்கு இல்லை.

பல்சக்கர விகிதத்தில் வேகத்துக்கு ஆசைப்பட வேண்டாம். பெரிய இரை தண்ணீரை இழுத்துக்கொண்டு வரும். 5:1, 6:1 போதும். ஸ்பூல் நிறைந்திருக்கையில் விட்டம் 38 மில்லிமீட்டர் என்றால் சுற்றளவு ஏறக்குறைய 12 சென்டிமீட்டர். 6:1-ல் ஒரு சுற்றுக்கு 72 சென்டிமீட்டர் நரம்பு உள்ளே வரும். மடவை அதைவிட அவசரமாக நீந்துவதில்லை. பிரெய்டு நரம்பின் முனையில் ஒரு கை நீளம் தடித்த நைலான் கட்ட வேண்டும், 40 முதல் 60 பவுண்டு தாங்கும்படி. கொடுவாயின் செவிள்மூடி விளிம்பு கத்தி. அது துள்ளித் தலையை உதறும்போது பிரெய்டில் பட்டால் அவ்வளவுதான். மீனும் போகும், எண்ணூறு ரூபாய் இரையும் போகும்.

வீடு திரும்பியதும் ரீலை நல்ல தண்ணீரில் அலசிக் காயவைக்க வேண்டும். முகத்துவாரத்து உப்பு பேரிங்கை ஒரு சீசனில் தின்றுவிடும். கார்பன் கம்பு மின்சாரத்தைக் கடத்தும் என்பதும் கடையில் சொல்லாத சங்கதி. ஐப்பசி, கார்த்திகையில் இடி முழங்கும்போது எட்டடிக் கார்பனைத் தூக்கிக்கொண்டு திறந்த கரையில் நிற்பதும், இறால் பண்ணை ஓரம் தாழத் தொங்கும் மின்கம்பிக்கு அடியில் வீசுவதும் ஆராய்ச்சியைப் பாதியில் நிறுத்திவிடும்.

எஞ்சியது ஒற்றைத் துண்டா, இரட்டைத் துண்டா என்ற விவாதம். ஒற்றைத் துண்டுக் கம்பே சிறந்தது, இடையில் மூட்டு இல்லாததால் வளைவு சீராக வரும் என்பது நிபுணர் துணிபு. நிபுணர்கள் கடலூரிலிருந்து சிதம்பரம் பஸ்ஸில் ஏறி, பி.முட்லூரில் இறங்கி, பரங்கிப்பேட்டை டவுன் பஸ் பிடித்ததில்லை. எட்டடி என்பது 244 சென்டிமீட்டர். காலை நேரத்துப் பஸ்ஸுக்குள் அது படுக்காது, நிற்காது, ஜன்னல் வழியே நீட்டவும் விடமாட்டார்கள். ஆகவே இரட்டைத் துண்டு. இரண்டையும் நாலரை அடி பிவிசி குழாயில் போட்டு இருபுறமும் மூடி மாட்டிக்கொள்வது நல்லது. கண்டக்டர் அவரைக் குழாய் வேலைக்குப் போகிறவர் என்று நினைத்து, லக்கேஜ் கேட்காமல் போய்விடுவார். அந்த எண்ணத்தைத் திருத்த வேண்டியதில்லை.