வாடகை அழியாமை விதி: நிலைத்துறை இல்லாப் படகோரின் வரவுசெலவு குறித்து

பாயிரம்: இங்கிலாந்து, வேல்ஸ் கால்வாய்களில் ஏழடி அகலங்கூட இல்லாத ‘நாரோபோட்’டில் குடும்பம் நடத்துவோர் இரு வகையினர்: நிரந்தரமாகக் கட்டிவைக்கத் துறை உள்ளோர், இல்லோர். பின்னவர், 1995ஆம் ஆண்டுச் சட்டப்படி, தக்க காரணமின்றி ஓரிடத்தில் 14 நாளுக்கு மேல் தங்கலாகாது. “துறை இல்லை, ஆகவே வாடகை மிச்சம்” என்பது புதிதாகப் படகேறுவோர் துணிபு. அத்துணிபை ஆராய்வதே ஈண்டு நோக்கம்.

சூத்திரம்: துறை நீங்கினும் வாடகை நீங்காது, திடம், திரவம், வாயு என மூவகைப்படும்.

உரை: திடமாவது கரி. குளிர்காலத்தில் வாடகை மூட்டையாக வந்து சாம்பலாகப் போகும். திரவமாவது டீசல். படகு நிற்கும் நாளிலும் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்ற எஞ்சின் ஓடவேண்டியிருப்பதால், சும்மா இருப்பதற்கும் எரிபொருள் வேண்டும் என்பது பெறப்படும். வாயுவாவது சமையல் சிலிண்டர். தேநீர் பாதி கொதிக்கையில் தீர்வது அதன் இயல்பு என்க.

தடை: குடிநீர்க் குழாயும் கழிவு கொட்டுமிடமும் படகு உரிமக் கட்டணத்திலேயே அடங்குமே எனின்,

விடை: அடங்கும். கழிப்பறைப் பெட்டியைத் தானே சுமந்துபோய்க் கொட்டுவோர்க்குச் செலவில்லை; பம்பு வைத்து உறிஞ்சச் செய்வோர்க்குத் தனிக் காசு. அருவருப்பின் சந்தை விலை இவ்வளவு துல்லியமாகத் தெரியும் துறை பொருளியலில் பிறிதில்லை. ஆனால் அந்த உரிமக் கட்டணமோ வளரும் தன்மையது. இக்கால்வாய்களை நிர்வகிக்கும் கேனல் அண்ட் ரிவர் டிரஸ்ட், துறை இல்லோர்க்கு மட்டும் 2024இல் 5 சதவீதம் கூடுதலாக விதித்து, 2028க்குள் அதனை 25 சதவீதமாக்குவதாக அறிவித்தது. எனவே, இடம் இல்லாமைக்கும் வாடகை உண்டு என்பது நிறுவப்பட்டது.

ஒழிபு: காப்பீடு ஆண்டுதோறும், பாதுகாப்புச் சான்றிதழ் நான்காண்டுக்கு ஒருமுறை, படகைக் கரையேற்றி அடிப்பகுதிக்குத் தார் பூசுவது இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை. இவற்றை எந்த மாதக் கணக்கிலும் எழுதுவாரில்லை. ஆகவே இவை எந்த மாதத்திலும் வரும்.

முடிபு: மேற்கூறியவற்றால், இக்கால்வாய்களில் செலவின்றிக் குடியிருப்பவை வாத்துகளே என்பது தெளிவு. அவை 14 நாள் விதியைப் பின்பற்றுவதாகவும் தெரியவில்லை.