மானமுள்ள சொல்

திருக்குறளில் ‘மயிர்’ இரண்டு இடங்களில் வருகிறது: 964, 969. இரண்டுமே ‘மானம்’ என்ற அதிகாரத்தில். வள்ளுவருக்கு அதில் மானக்கேடு எதுவும் தெரியவில்லை. நமக்குத் தெரிகிறது. வகுப்பில் ஒரு பையன் 969-ஆம் குறளை ஒப்பிக்கும்போது, மயிர் நீங்கினால் உயிர் வாழாத கவரிமா படும் பாட்டைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. அந்தச் சொல் வரும் இடத்தில் கடைசி பெஞ்சு ‘களுக்’ என்கிறது. ஆசிரியர் ஜன்னலைப் பார்க்கிறார்.

சரி, வேண்டாம் என்று ‘முடி’ வைத்துக்கொண்டோம். முடி என்றால் கிரீடம். ‘எனக்கு முடி கொட்டுது சார்’ என்று டாக்டரிடம் சொல்பவரைச் சேர, சோழ, பாண்டியர் கேட்டால் கலங்கிப்போவார்கள்.

வேடிக்கை என்னவென்றால், தடை முழுத்தடையும் இல்லை. விபத்துச் செய்தியில் அமைச்சரே ‘மயிரிழையில்’ உயிர் தப்பலாம். முடியிழையில் தப்பியவர் இதுவரை யாரும் இல்லை. விஞ்ஞானப் பாடத்தில் மயிர்க்கால் உண்டு. பேய்க்கதை படித்தால் மயிர்க்கூச்செறியலாம். தனியாக நின்றால்தான் வசவு. கூட ஒரு சொல் துணைக்கு வந்துவிட்டால் குடும்பப் பெண் மாதிரி மரியாதை! மலையாளக் கரையோரம் போனால் துணையில்லாமல் வாயே திறக்காதீர்கள், அங்கே அது இன்னும் காரம்.

இதற்கெல்லாம் நன்னூலார் எப்போதோ இடக்கரடக்கல் என்று ஒரு வழி வைத்தார். அவர் மறைக்கச் சொன்னது அவையில் சொல்லத் தகாததை. தலையில் எல்லாரும் பார்க்க வளர்வதை அல்ல.